பெல்ட் மாட்டும் முன் புல்லியை அளந்தீர்களா?

போன மாதம் ஒரு தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். டீசல் இன்ஜினில் ஓடும் பழைய டபுள் ஸ்டேஜ் (காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும்) ஏர் கம்ப்ரசர், எடைக்கு வாங்கியது. "அண்ணா, டேங்க் சீக்கிரமா ரொம்பிருதுங்ணா" என்று ஒரே சந்தோஷம். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. போன் போட்டு, முதலில் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

ஆயில் இல்லாமல் ஓட்டுவது, ஃபில்டர் மாட்டாமல் ஓட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. மேனுவல் இல்லாத மிஷினில் நான் சறுக்கியது வேறு இடங்களில்.

புல்லி

பல வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒன்று வாங்கினேன். அதோடு வந்த இன்ஜினை யாரோ முன்பே கழற்றி விற்றிருந்தார்கள்; அதன் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம் மட்டும் ஃபிரேமில் கம்பி கட்டித் தொங்கியது. 14 அங்குலம். பெல்ட்டின் மறுமுனை ஓடும் கம்ப்ரசர் ஃப்ளைவீல் 15 அங்குலம். என்னிடம் ஒரு 10 எச்பி இன்ஜின் சும்மா கிடந்தது. கூடவே வந்த புல்லிதானே சரியான புல்லி என்று நினைத்து, என் இன்ஜின் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த லேத்தில் புஷ் (உள்வளையம்) போட்டு அதையே மாட்டினேன்.

ஃபிரேமைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். இன்ஜின் உட்கார்ந்த போல்ட் ஓட்டைகள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருந்தன. அது பெரிய ஃப்ளைவீல் வைத்த லிஸ்டர் மாடல் 6 எச்பி இன்ஜினின் இடம். அது நிமிடத்துக்கு 650 சுற்று. நான் வைத்தது 1500 சுற்று.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. இன்ஜின் சுற்றை இன்ஜின் புல்லி அளவால் பெருக்கி, கம்ப்ரசர் ஃப்ளைவீல் அளவால் வகுக்க வேண்டும். பழைய இன்ஜினில் 650 × 14 ÷ 15, அதாவது சுமார் 600 சுற்று. என் இன்ஜினில் 1400.

மிஷின் அருமையாக ஓடியது. டேங்க் மளமளவென்று நிறைந்தது. இன்ஜின் திணறியிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். 10 எச்பிக்கு அது ஒரு சுமையே இல்லை. காற்று டேங்குக்குப் போகும் டெலிவரி பைப்பில் பெயிண்ட் கருகும் வாசம் வந்தது. புதுப் பெயிண்ட், அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் காலை 'டங்' என்று ஒரே சத்தம். ராடு போல்ட் அறுந்து, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு கிராங்க்கேஸைப் (அடிக்கூட்டை) பொத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தது. வார்ப்பிரும்பு, ஒட்டவைத்தாலும் நிற்கவில்லை. கம்ப்ரசருக்குக் கொடுத்ததைவிட அதைப் பிழைக்க வைக்கச் செலவழித்தது அதிகம், அதுவும் வீண்.

வேகம் இரண்டு மடங்கானால் ராடின் மேல் வரும் உதறல் நான்கு மடங்கு. என் மிஷினில் ஐந்தைத் தாண்டியிருக்கும். வால்வு பிளேட்டுக்கும் மூடித் திறக்க நேரம் கிடைக்காது. சூடு ஏறும், ஆயில் கருகி ஹெட்டில் கரியாகப் படியும்.

எனக்கு வேண்டியிருந்தது வெறும் 6 அங்குலப் புல்லி. புஷ் போடக் கொடுத்த காசோடு கொஞ்சம் சேர்த்தால் புதிதாகவே வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் அந்த 14 அங்குலப் புல்லி பட்டறை மூலையில் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

பழைய இன்ஜினின் வேகமோ புல்லி அளவோ தெரியவில்லை என்றால் 500 சுற்றுக்குக் கணக்குப் போட்டு ஆரம்பியுங்கள். ஃப்ளைவீலில் ஸ்டிக்கர் ஒட்டி, டாக்கோமீட்டரில் (சுற்று எண்ணும் கருவி) அளந்து பாருங்கள். "சீக்கிரம் ரொம்புது" என்பது பாராட்டல்ல.

நேம் பிளேட்டின் மேல் பெயிண்ட் அடிப்பது

பெயிண்ட் அடிக்காமல் பிளேட்டை மண்ணெண்ணெயில் துடைத்து, சாக்பீஸ் தேயுங்கள். பொறித்த எண் தெரியும்.

சுற்றும் திசை

இன்ஜினைத் திருப்பி வைத்தால் கம்ப்ரசரும் எதிர்த்திசையில் சுற்றும். காற்று அப்போதும் வரும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஃப்ளைவீல் ஆரக்கால்கள் ஃபேன் இறக்கை மாதிரி சாய்ந்திருக்கும். அவை சிலிண்டர் மேல் காற்றை வீச வேண்டும். ஒரு காகிதத் துண்டைப் பக்கத்தில் பிடித்தால் போதும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அன்லோடரைக் கழற்றி வீசுவது

மோட்டார் கம்ப்ரசரில் பிரஷர் ஏறியதும் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். இன்ஜினை அப்படி யாரும் நிறுத்துவதில்லை, அது ஓடிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்ததும் காற்றை உள்ளிழுக்கும் சக்‌ஷன் வால்வைத் தூக்கிப் பிடித்து, காற்று ஏறாமல் பார்த்துக்கொள்வது அன்லோடர்தான். அது கசிகிறது என்று பிளக் அடித்துவிட்டால், மிச்சம் இருப்பது முப்பது வருடம் துருப்பிடித்த ஒரு சேஃப்டி வால்வு மட்டும். அன்லோடரைப் பிரித்துக் கழுவி ஓ-ரிங் மாற்றுங்கள். சேஃப்டி வால்வைப் புதிதாகவே வாங்குங்கள்.

இன்ஜின் ஆயிலையே ஊற்றுவது

வேண்டாம். கம்ப்ரசர் ஆயில் 100. அந்த 100 ஆயிலின் தடிமன் எண்.

டேங்கைக் காற்றடித்துச் சோதிப்பது

சோப்புத் தண்ணீர் தடவி, காற்று ஏற்றி, காதை வைத்துக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடங்கிய காற்று வெடித்தால் தகடு பறக்கும். தண்ணீர் சுருங்காது, விரிசல் விட்டால் பீய்ச்சும், அவ்வளவுதான். டேங்கில் துளி காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்களிடம் இருக்கும் கை பம்ப்பால் ஓட்டப்போகும் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள்: 120 பிஎஸ்ஐக்கு 180. அரை மணி நேரம் பிரஷர் கேஜ் முள் இறங்கக் கூடாது. முள் நின்றாலும், துரு தின்பது தண்ணீர் தேங்கும் அடிவயிற்றைத்தான் என்பதால் அங்கே தகட்டின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தகடு மெலிந்திருந்தாலோ, வெல்டு ஓரம் வியர்த்தாலோ பேட்ச் அடிக்காதீர்கள். டேங்கை எடைக்குப் போட்டுவிடுங்கள், போடுமுன் ஒரு பெரிய ஓட்டை போட்டு.