அறுந்த நரம்பை ஃபைப்ரின் பசையால் ஒட்டும் முறை

மணிக்கட்டில் கண்ணாடி கீறியோ கரும்புக் கத்தி பட்டோ மீடியன் நரம்பு (கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வும் அசைவும் தருவது) அறுந்துபோன கையை, டர்பனில் கை அறுவைப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் சீக்கிரமே பார்த்துவிடுவார்கள். அவர்களுக்கும் ஆபரேஷன் தியேட்டரில் பசை தயாரிக்கும் நர்ஸ்களுக்கும் இந்தக் குறிப்பு. ஃபைப்ரின் என்பது ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை. அந்தப் பசை நரம்பு முனைகளை நேராகப் பிடித்துவைக்கும், இழுவையைத் தாங்காது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காயம்பட்டு மூன்று நாளுக்குள் திறந்தால், கீழ்முனையை ஸ்டிமுலேட்டரால் (மின்சாரம் பாய்ச்சும் கருவி) தூண்டி, தசை துடிப்பதைப் பார்த்து, தசைக்குப் போகும் கற்றை எது என்று கண்டுபிடிக்கலாம். அதன்பின் தூண்டினாலும் தசை துடிக்காது. டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டி அரை மணி கடந்தாலும் துடிக்காது. ஆகவே இந்தச் சோதனையை முதலில் முடியுங்கள். பிறகு நசுங்கிய முனையைப் புது பிளேடால் மெல்லிய வில்லைகளாகக் குறுக்கே சீவுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், அது நசுக்கும். வெள்ளைத் தழும்பு போய்க் கற்றைகள் உறையை மீறிப் பிதுங்கினால் நல்ல நரம்புக்கு வந்துவிட்டீர்கள்.

இரு முனைகளையும் ஒரே ஒரு 9-0 (முடியைவிட மெல்லிய இழை) நைலான் தையலால் சேர்த்துப் பாருங்கள். தையல் அறுந்தாலோ உறையைக் கிழித்தாலோ, காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து இடையில் வைத்தே ஆகவேண்டும். இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள்: சுமார் 8 சதவீதம் நீண்டாலே நரம்பின் ரத்த ஓட்டம் குறையத் தொடங்கும், 15 சதவீதத்தில் நின்றேவிடும். சூரல் துண்டுகள் நாலைந்தை ஒரே கட்டாகச் சேர்க்கும்போது பசையைப்போல உதவுவது வேறில்லை.

பசையில் இரண்டு பாகம். ஒன்றில் ஃபைப்ரினோஜென், அது சீக்கிரம் கரையாமலிருக்க அப்ரோட்டினின். மற்றதில் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக மாற்றும் த்ராம்பினும் கால்சியம் குளோரைடும். உறைந்த நிலையில் வரும் வகையை −20 டிகிரியில் வைக்க வேண்டும். இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது என்பதால், லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் அந்த ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று கேட்டுவையுங்கள். 33 முதல் 37 டிகிரி வரை சூடாக்கலாம், அதற்குமேல் போனால் வீண். மில்லிலிட்டருக்கு 500 யூனிட் த்ராம்பின் இருந்தால் சில நொடிகளில் இறுகிவிடும்; 4 யூனிட் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். கை பழகாதவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய உதவி.

ஸ்பிரிட்டும் அயோடினும் த்ராம்பினைக் கெடுக்கும், அதனால் இடத்தை சலைனால் கழுவித் துடையுங்கள். நீலநிறத் தகடு ஒன்றை நரம்புக்கு அடியில் விரியுங்கள். மேலே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் ஒரே கோட்டில் வரும்படி முனைகளைத் திருப்பி, எதிரெதிரே இரண்டு தையல் போடுங்கள். முனைகள் தொட்டபின்தான் பசை. சுற்றிலும் மெல்லிய வளையமாக. ஈர நரம்பில் அது வழுக்கும். முனைகளுக்கு நடுவே கட்டியாகப் புகுந்தால் வளர்ந்துவரும் நரம்பிழைகளான ஆக்ஸான்களுக்கு வழி அடைபடும். நடுவில் நிறுத்தினால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும், மாற்று ஊசி கையில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் அசைக்காமல் காத்திருந்து, தகட்டை உரித்து, மணிக்கட்டை மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். ரத்தக்குழாய்க்குள் பசை போனால் உயிருக்கே ஆபத்து. சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ வகை) பசையை இங்கே நினைக்கவே வேண்டாம். அது சூடாகி, விறைத்து, நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும்.

நரம்பை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் இன்னும் ஆய்வுக்கூடத்து வேலைதான். மனிதருக்கு நரம்பு ஒட்டும்போது சேர்க்க ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பிளேட்லெட் பிளாஸ்மாவை அந்தப் பெயரில் விற்பவர்களிடம் நோயாளியை அனுப்பாதீர்கள். ஆய்வு செய்பவர்கள் காரணியைப் பசையில் வெறுமனே கலந்தால் அது சீக்கிரமே கசிந்துவிடும். ஹெபாரினைப் பிடிக்கும் பெப்டைடை ஃபைப்ரினோடு பிணைத்தால், அந்த ஹெபாரின் காரணியைப் பிடித்துவைக்க, அது மெல்ல மெல்ல வெளிவரும். இவற்றில் என்.ஜி.எஃப். என்ற காரணி உணர்வு நரம்புகளைத் தூண்டும், கூடவே வலியையும். தசை நரம்புக்கு ஜி.டி.என்.எஃப். என்ற காரணி பொருந்தும். ஆனால் ஓரிடத்தில் அதிகமாகக் கொட்டினால், ஆக்ஸான்கள் இனிப்புக் கடையில் நின்றுவிட்ட பிள்ளைகளைப்போல அங்கேயே சுருண்டு, கீழே போகாது.

மூன்று வாரம் ஸ்பிளின்ட். பிறகு மாதம் ஒருமுறை, விரல்நுனியிலிருந்து மேல்நோக்கி நரம்பின் பாதையைத் தட்டி, சுருக்கென்று பாயும் இடத்தைக் குறியுங்கள். அது நாளுக்கு ஒரு மி.மீ. அளவில் கீழே இறங்க வேண்டும். மூன்று மாதமாக ஒட்டிய இடத்திலேயே நின்றால் மறுபடி திறந்து பார்க்கும் பேச்சை உடனே எடுங்கள்: 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராத தசை பின்பு மீளாது.