மினுக்கத்துக்கு விலை கொடுக்காதீர்கள்: பழைய குட்டைக்குழல் ரிவால்வர் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா சாலைப் பக்கத்துத் துப்பாக்கிக் கடைகளில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய ரிவால்வர் ஒன்றைக் கையில் கொடுத்ததும் ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கித் திருப்புவார்கள். மின்னினால் முகம் மலரும். சாம்பல் பூத்தது போல மங்கிக் கிடந்தால், "வேற ஏதாவது இருக்கா சார்?" என்று மேசைமேல் வைத்துவிடுவார்கள். பழகத் தொடங்கிய நாட்களில் எனக்கும் அதே கண்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியா என்று பார்க்காமல் தொடுவது, லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இன்னும் வாங்க வரும் நிலையில் இல்லை.

நம் ஊரில் தனியார் லைசென்ஸில் வாங்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 ரகம் (தோட்டாவின் அளவு, அங்குலக் கணக்கில்). 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைத் தனியாருக்கு நிறுத்திய பிறகு, கோல்ட், சுமித் அண்ட் வெசன், வெப்லி ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் பழைய ரிவால்வர்கள் கைமாறிக் கைமாறித்தான் வருகின்றன. விலையோ லட்சக்கணக்கில். இரண்டு அங்குலக் குழல் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். இவ்வளவு பணம் போடும் இடத்தில் பூச்சை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மங்கலான பூச்சை மட்டமான வேலை என்று நினைப்பது

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கோல்ட் கம்பெனி 'கமாண்டோ' என்ற ரிவால்வரைச் செய்தது. குட்டைக்குழல் வைத்ததும் அதில் உண்டு. போருக்கு முன்பு அதே கம்பெனி கொடுத்த ஆழ்ந்த நீலப் பளபளப்பு இதில் கிடையாது. பாஸ்பேட் பூச்சு, சாம்பல் நிறம், பிளாஸ்டிக் கைப்பிடி, அவ்வளவுதான். மெருகேற்றும் மணிக்கணக்கான வேலையை மிச்சம் பிடித்தார்கள். உள்ளே இருக்கும் பொறியமைப்போ போருக்கு முந்தைய வடிவம்தான்.

இங்கிலாந்தில் வெப்லி இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. போர்க்காலத்தில் செய்த .38 ரிவால்வர்களில், இது போர்க்காலப் பூச்சு என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைச் சட்டத்திலேயே (ரிவால்வரின் உடற்பகுதியிலேயே) குத்தி அனுப்பியது. மேலே அரம் போட்ட கோடு தெரியும். அதைப் பார்த்து யாரும் தங்கள் வேலையைக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதே காரணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1920களை ஒட்டி ஸ்பெயினின் ஐபார் ஊரிலிருந்து சுமித் அண்ட் வெசனின் சாயலில் ஏராளமான நகல்கள் உலகமெங்கும் போயின. கண்ணைப் பறிக்கும் நிக்கல் பூச்சோடு வந்தவையும் அவற்றில் உண்டு. பலவற்றில் உள்ளே இருக்கும் உருக்கு மென்மையானது, சீக்கிரம் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும்.

அப்படியானால் தரத்தை எங்கே பார்ப்பது? முதலில் பக்கத்தகட்டைப் பாருங்கள். உள்ளிருக்கும் பொறியை மூடும் தகடு அது. தகடும் சட்டமும் சேரும் இடத்தில் விரல்நகத்தை ஓட்டுங்கள். நல்ல வேலையில் நகம் தட்டாது, கோட்டைக் கண்ணால் தேட வேண்டியிருக்கும். மேலே எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இந்தப் பொருத்தத்தை விட்டுக்கொடுக்காதவன்தான் நல்ல கைவினைஞன்.

மறுபடி பாலிஷ் போடுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைப்பது இதுதான்.

மயிலாப்பூர்க்காரத் தம்பி ஒருவர். தாத்தா வைத்திருந்த .32 சுமித் அண்ட் வெசன், இரண்டு அங்குலக் குழல், வாரிசு என்ற முறையில் அவர் பெயருக்கு மாறியிருந்தது. நீலம் தேய்ந்து ஓரங்களில் பழுப்பேறிய நிலையில் முதல்முறை பார்த்தேன். பக்கத்தகட்டின் கோடு தெரியவில்லை, எழுத்துகள் வெட்டினாற்போல் இருந்தன. "இப்படியே வைங்க தம்பி, எண்ணெய் மட்டும் போடுங்க" என்றேன். தலையாட்டினார். அடுத்த முறை கொண்டுவந்தபோது அது கல்யாண வீட்டு வெள்ளிச்சொம்பு போல மின்னியது. யாரோ ஒரு பட்டறையில் நிக்கல் போட்டுவிட்டிருந்தார்கள். "நல்லா இருக்குல்ல சார்?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

நிக்கல் ஏற்றுவதற்கு முன் சுழலும் பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். உருக்கு கொஞ்சம் போகும். சட்டத்தின் கூரான விளிம்புகள் உருண்டுவிடும், ஸ்க்ரூத் துளைகளின் வாய் குழிந்துவிடும். தெரியாதிருந்த பக்கத்தகட்டுக் கோடு பள்ளமாகித் தெரிய ஆரம்பிக்கும். எழுத்துகளின் ஓரம் கரையும். பிறகு அமிலத்தில் முக்குவார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றாமல் முக்கினால் உருக்குக்குள் ஹைட்ரஜன் ஏறி, அது பின்னால் திடீரென்று முறியலாம். போன உருக்கை எந்தப் பூச்சும் திருப்பித் தராது.

அந்தத் தம்பிக்கு வந்த சங்கடம் வேறு. சுமித் அண்ட் வெசனில் வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும், அதாவது சக்கரம் முதலில் படும் இடத்தில். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எண்ணைச் சரிபார்த்தார்கள். ஓர் இலக்கம் 3ஆ 8ஆ என்று சொல்ல முடியவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் குறியை அழிப்பதையும் தடைசெய்கிறது. வீட்டுச் சொத்து என்று ஆசையாக மினுக்கியது, குற்றம் செய்தவர் போல விளக்கம் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் காலத்து சுமித் அண்ட் வெசனில் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் குத்தியிருக்கும். அது தேயாமல் இருந்ததால் தப்பித்தார். விலை? சேகரிப்பவர் எவரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

வாங்கும்போது இதே அறிவு உங்களைக் காப்பாற்றும். மறுபூச்சு போட்டதா என்று தெரிய, சின்ன எழுத்துகளை லென்ஸில் பாருங்கள். ஓரம் மழுங்கியிருந்தால் சந்தேகம். துருக்குழிக்குள்ளும் நீலம் பளபளத்தால் சந்தேகமே வேண்டாம். சுமித் அண்ட் வெசனின் பழைய நீல ரிவால்வர்களில் சுத்தியலும் விசையும் (ட்ரிகர்) நீலமாக இருக்காது, கடினப்படுத்தியதால் வரும் வண்ணக்கலவை அவற்றில் தெரியும். அவையும் ஒரே நீலமாக இருந்தால் யாரோ எல்லாவற்றையும் சேர்த்து முக்கியிருக்கிறார்கள். சட்டம், சிலிண்டர், குழல் மூன்றிலும் எண் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

நேர்மையாகத் தேய்ந்த நீலத்துக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். மறுபூச்சு போட்டதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

கோல்ட் சோதனையை எல்லாவற்றுக்கும் போடுவது

விசையை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது பிரபலமான சோதனை. பழைய கோல்ட்டில் அந்த நிலையில் சிலிண்டர் அசையவே கூடாது, அதன் அமைப்பு அப்படி. சுமித் அண்ட் வெசனில் இம்மியளவு அசைவு இருப்பது இயல்பு. இது தெரியாமல் அருமையான சுமித்தை "லூஸா இருக்கு" என்று தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான சோதனை வேறு. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலி சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி சுத்தியலை மெல்லப் பின்னால் இழுங்கள். சுத்தியல் கடைசி நிலைக்கு வரும்போது சிலிண்டர் 'டக்'கென்று பூட்டியிருக்க வேண்டும். ஓர் அறையில் சரியாக இருந்தால் போதாது, எல்லா அறைகளிலும் பாருங்கள். ஓர் அறை மட்டும் பிந்துவது அடிக்கடி நடக்கும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கப் புதுப்பேட்டையில் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜே (மெல்லிய அளவுத் தகடுகள்) போதும். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நல்லது. சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறையும் பின்னே தள்ளி ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய வந்தால் முன்பின் ஆட்டம் இருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்ய நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

குழலை மட்டும் எட்டிப் பார்ப்பது

குட்டைக்குழல் ரிவால்வர்கள் பெரும்பாலும் பீரோவில் இருந்தவை. அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள், குழல் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூத் தலைகளைப் பாருங்கள். சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

சிலிண்டரைச் சுண்டி மூடுவது

சினிமாவில் செய்யட்டும். நிஜத்தில் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும்.

தேங்காய் எண்ணெய்

வேண்டவே வேண்டாம். நாளானால் பிசினாகி உள்ளே எல்லாம் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

தோல் உறையிலேயே விட்டுவைப்பது

தோலைப் பதப்படுத்தும் உப்புகள் ஈரத்தை இழுக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரமாக இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். பலர் தோல் உறையோடு அப்படியே கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திருப்பி வாங்கும்போது துருக்குழியைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி, உறையைத் தனியாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் வரிசை எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.