மரத்தளம் போடும் முன் ஈரத்தைப் பாருங்கள்

வேலூரில் கத்திரி வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். பலகை வந்த அன்றே வேலையைத் தொடங்காதீர்கள். போடப்போகும் அறையிலேயே கட்டைப் பிரித்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி ஒரு வாரமாவது விடுங்கள்.

சிமெண்ட் தரையில் இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க வையுங்கள். பிரிக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ தரை இன்னும் காயவில்லை. அதன்மேல் போட்டால் பலகையின் இரு ஓரமும் தூக்கி, நடு குழிந்துவிடும்.

சுவரோரம் 12 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் பொருத்தும் பட்டை) அதை மறைத்துவிடும். கதவு நிலையருகேயும் இது வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.