பழைய பதக்கத்தின் விளிம்பை வாசிப்பது எப்படி

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிப் பதக்கம் உண்டு. கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரின்போது இராக்கில் உள்ள பஸ்ராவுக்குப் போய் வந்ததற்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. பாட்டி அதைப் பூஜை அறையில் வைத்திருந்தார். வெள்ளி விளக்கும் கிண்ணமும் தேய்க்கும் நாளிலெல்லாம் இதற்கும் விபூதி போட்டுத் தேய்ப்பார். அத்தனை வருடத் தேய்ப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மூக்கு மழுங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. விளிம்பில் இருந்த அவருடைய ராணுவ எண்ணின் கடைசி இலக்கமும் போய்விட்டது. மூன்றா எட்டா என்று தெரியாமல் இரண்டு வருடம் அலைந்தேன்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தால் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை, பாலிஷ் பவுடர் எதுவும் வேண்டாம். கறுத்திருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள். வெள்ளியா என்று பார்க்க உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பது எங்கள் கைப்பழக்கம். பதக்கத்தில் அதையும் செய்யக்கூடாது.

அப்புறம், முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முகப்பில் இருக்கும் ராஜா இந்த வகைப் பதக்கம் எல்லாவற்றிலும் ஒரே ராஜாதான். உங்கள் வீட்டு மனிதர் இருப்பது விளிம்பில். காசைச் செங்குத்தாக நிறுத்துவது போலப் பதக்கத்தை நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சாய்த்து அடித்தால்தான் குழியில் நிழல் விழும். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே, தெரிவதை மட்டும் தாளில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஒரு கோடு போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலத்தில் இருக்கும்.

பிரிவின் பெயரைச் சுருக்கித்தான் பொறித்திருப்பார்கள். எங்களுடையதில் ஒரு '2', பிறகு கியூ.வி.ஓ., பிறகு எஸ், எம் என்ற இரண்டு எழுத்து. இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது நம் மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. ராணுவத்தில் இன்றும் அவர்களைத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள்.

இது எந்தப் பதக்கம் என்று அடுத்துப் பாருங்கள். முதல் உலகப் போருக்குப் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். பின்புறம் ஆடையில்லாத வீரன் குதிரை மேல் இருந்து, 1914, 1918 என்ற ஆண்டுகள் இருந்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். குறுக்களவு 36 மில்லிமீட்டர். இறக்கை விரித்த பெண் உருவம் இருந்தால் விக்டரி மெடல். வானவில்லை இரண்டு தரம் மடித்து வைத்தது போல ரிப்பன் இருக்கும். மேலே கிரீடமும் நடுவில் 1914-15 என்றும் உள்ள வெண்கல நட்சத்திரம், 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்குக் கொடுத்தது. அதில் பெயர் பின்புறம் இருக்கும். ஒரே ஆளுக்கு வந்த பதக்கங்களா என்று எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் வார் மெடல் பொதுவாக வெள்ளி. அதையே வெண்கலத்திலும் அடித்தார்கள். மூட்டை சுமந்தும் ரோடு போட்டும் உழைத்த தொழிலாளர் படையினருக்கு, இந்தியர், சீனர், மால்டாக்காரர் பலருக்கும் கிடைத்தது அந்த வெண்கலம்தான். வெள்ளி ஒரு அவுன்ஸுக்குக் கிட்ட இருப்பதால் 1980இல் வெள்ளி விலை ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் நிறைய உருக்குவதற்குப் போயின. வெண்கலத்தையோ 'இது ஒரிஜினல் இல்லை' என்று பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வெண்கலம், எந்த ஊர்க் கதையிலும் பெயர் வராத ஒரு கூலியாள் கடல் தாண்டிப் போனதற்குச் சாட்சி. என் கண்ணுக்கு அது வெள்ளியைவிடப் பெரியது.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள் வேறு கதை. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பெயர் இருக்கலாம், அதனால் பின்புறத்தைப் பாருங்கள். பர்மா ஸ்டாரா ஆப்பிரிக்கா ஸ்டாரா என்பது முகப்பிலேயே எழுதியிருக்கும்.

சரி, பெயரும் எண்ணும் கையில் இருக்கிறது. எங்கே தேடுவது? பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அவருக்கு என்ன பதக்கம் என்று எழுதி வைத்த பதக்க அட்டை கிடைக்க வாய்ப்பு அதிகம். முழுப் பணி ஆவணங்களில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. நம் ஊர்ச் சிப்பாய் என்றால் அந்தப் படைப்பிரிவின் மையத்துக்குத்தான் கடிதம் எழுத வேண்டும்: சாப்பர்ஸுக்கு பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். சிலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கோவிந்தசாமி என்ற ஒரு பெயரை அன்றைய குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதினார்கள். எண்ணை வைத்துத் தேடுங்கள். ஊரையும் பழைய பெயரில் பாருங்கள்: செங்கல்பட்டு சிங்கிள்புட், திருச்சி டிரிச்சினோபோலி, திருநெல்வேலி டின்னவெல்லி.

போருக்குப் போனவர் எல்லாருக்கும் கிடைத்தது ஒரு வகை. வீரச் செயலுக்குக் கிடைத்தது வேறு வகை. வீர விருது என்றால் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் 1944இல் இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி மேல் விழுந்து, கூட இருந்தவர்களைத் தன் உடம்பால் காப்பாற்றி இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது கொடுத்த அறிவிப்பை இன்றும் அதில் படிக்கலாம். நான் முதல்முறை படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கள் எண் என்னவாயிற்று என்றால், சின்னப் பாட்டி வீட்டில் தையல் மெஷின் சாமான் போட்டு வைத்த தகர டப்பாவில் விக்டரி மெடல் கிடைத்தது. வெள்ளி இல்லை என்பதால் யாரும் அதைத் தேய்க்கவே இல்லை. விளிம்பு அச்சடித்த அன்று போலவே இருந்தது. கடைசி இலக்கம் எட்டு.

இப்போது இரண்டையும் தனித்தனியாக வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து உலோகத்தைக் கெடுக்கும். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். கூடவே ஒரு அட்டையில் எண், பதவி, பிரிவு, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு, யார் கையிலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிப் போடுங்கள். வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால், அட்டையை எழுதும் முன்பு அவரிடம் "பஸ்ராவுக்கு யாராவது போனாங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பகுதியின் அன்றைய பெயரைச் சொல்லி மெசபடோமியா என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.