குடும்பமாக மளிகைக் கடை நடத்தும்போது கல்லாவைக் காப்பாற்றுவது எப்படி

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடை ஒன்றில் பொட்டலம் மடிக்கிற பையனாகச் சேர்ந்து, அப்புறம் வில்லாபுரத்தில் சொந்தமாக மளிகைக் கடை போட்டேன். இப்போது நான், மனைவி, தம்பி மூவரும் மாறி மாறிக் கல்லாவில் உட்காருகிறோம். முதல் மூன்று வருஷம் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் சரக்குக்குப் பணம் கட்டவேண்டிய அன்று கையில் காசு இருக்காது. பால்காரருக்கு, கேஸுக்கு, ஸ்கூல் ஆட்டோவுக்கு, மொய்க்கு என்று எல்லாம் கல்லாவிலிருந்தே போயிருக்கிறது. யாரும் திருடவில்லை. யாரும் எழுதவும் இல்லை.

அதனால் முதல் வேலை, கடையில் உட்காரும் எல்லோருக்கும் சம்பளம் போடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. ஒண்ணாம் தேதி அதை வாங்கிக்கொண்டு வீட்டுச் செலவை அதற்குள் முடியுங்கள். வீட்டுக்கு எடுக்கிற சர்க்கரை, எண்ணெய்கூட நோட்டில் ஏறணும். "நம்ம கடையில நானே கடன்காரியா?" என்று என் மனைவி முதல் மாசம் சண்டை போட்டாள், அடுத்த மாசம் நான் தின்ற கடலை மிட்டாயை அவள்தான் எழுதி வைத்தாள்.

காலையில் தினமும் ஒரே தொகையைச் சில்லறையாக வைத்துத் தொடங்குங்கள், ஷட்டரை இறக்கும் முன் எண்ணுங்கள். ஜிபே ஸ்டிக்கரில் வரும் பணம் கடைக் கணக்குக்குத்தான் போகிறதா என்றும் பாருங்கள். எங்கள் கடையில் ஒரு வருஷம் அது தம்பியின் சொந்தக் கணக்கில் விழுந்து, அவனுக்கே எது கடைக் காசு, எது தன் காசு என்று தெரியாமல் போய்விட்டது.

அடுத்தது பொட்டலம் போடுகிற இடம். 50 கிலோ துவரம்பருப்பு மூட்டையைக் கிலோ 120க்கு எடுத்து 125க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள், லாபம் 250 ரூபாய். அரைக் கிலோ பொட்டலம் 100 வரவேண்டும். கொஞ்சம் சிந்தி, கொஞ்சம் தாராளமாக அள்ளி 99தான் வந்தால் 62.50 போச்சு, அதாவது லாபத்தில் கால் பங்கு. மூட்டை வந்ததும் சாக்கு எடை கழித்து எடை போடுங்கள், கீழே பழைய பேனர் ஒன்றை விரித்துக்கொண்டு அள்ளுங்கள். எத்தனை பொட்டலம் வந்தது என்பதை மூட்டைச் சீட்டிலேயே குறித்து வையுங்கள்.

கடனே கொடுக்காமல் தெருக் கடை நடத்தலாம் என்பதெல்லாம் சும்மா பேச்சு. ஆனால் ஆளுக்கு ஓர் அளவு வையுங்கள், பழைய பாக்கி தீராமல் புதுப் பக்கம் திருப்பாதீர்கள். கேட்கும்போது நாலு பேர் முன்னால் வேண்டாம். மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது, "அக்கா, இந்த வாரம் கொஞ்சம் குறைச்சு விடுங்க" என்றால் போதும். நான் கடை வாசலிலேயே சத்தம் போட்டதில் இரண்டு குடும்பம் கைவிட்டுப் போனது, பாக்கியும் சேர்த்து.

மிச்சமெல்லாம் சின்ன வேலைகள்தான். எலக்ட்ரானிக் தராசுக்கு, எடை சரியாகக் காட்டுகிறது என்கிற அரசு முத்திரையை வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்துக்குப் போனால் (ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருக்கிற கடைக்கான எளிய வரி முறை) விற்பனையில் வரி 1 சதவீதம்தான், ஆனால் அதை பில்லில் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியையும் கழிக்க முடியாது. இதில் எது உங்களுக்கு லாபம் என்று ஆடிட்டரிடம் கேட்கப் போகும்போது, அந்த வீட்டுச் செலவு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் புரட்டுவார்.