பனடோல் அதிகமாக விழுங்கிவிட்டால் காத்திருக்காதீர்கள்

வீட்டில் யாராவது மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டாலோ, பிள்ளை குளோராக்ஸை (துணி வெளுக்கும் பிளீச்) குடித்துவிட்டாலோ, நம் ஆட்கள் முதலில் தேடுவது உப்புத் தண்ணீரைத்தான். வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. குளோராக்ஸ் மேலே வரும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் உடனே 999. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நினைவோடு இருந்தால், நம் பினாங்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் கேட்கலாம். லைன் கிடைக்கவில்லையா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பாராசிட்டமால் மாத்திரையான பனடோல்தான் ஆளை ஏமாற்றும். முதல் நாள் லேசான குமட்டல் தவிர ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒன்னுமில்ல" என்று அவரே தே தாரிக் கேட்பார். கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்கான விஷமுறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீன், விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் பக்கத்துக் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காராமல், நேரே அவசரப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

காலி அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். ரத்தத்தில் உள்ள அளவை அந்த நேரத்தோடு பொருத்தித்தான் டாக்டர் முடிவெடுப்பார். "ஏன் இப்படிச் செஞ்சே" என்ற விசாரணை அப்புறம். இப்போது திட்டினால் எத்தனை மாத்திரை என்ற உண்மைக் கணக்கு வராது.