பழைய பந்தயக் காரை இழுக்க எந்த வண்டி? கதவோரத்து ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்

என்னிடம் 1971ஆம் ஆண்டு டட்சன் 510 கார் ஒன்று இருக்கிறது. ஜான் மார்ட்டன் 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளும் டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் 2.5 லிட்டர் பிரிவில் பட்டம் வென்றது இந்த ரகக் காரில்தான். பந்தயத்துக்கென்று மாற்றிக் கட்டியதால் இதைச் சாலையில் ஓட்ட முடியாது. எண் பலகை இல்லை, ஹார்ன் இல்லை, புகைக்குழாயின் ஓசை அடுத்த தெருவரை கேட்கும். கலிபோர்னியாவில் நான் வசிக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து லகுனா செகா, சோனோமா, தண்டர்ஹில், பட்டன்வில்லோ என்று எந்தப் பந்தயத் திடலுக்குப் போனாலும் டிரெய்லரில் ஏற்றித்தான் போக வேண்டும்.

இழுவை வண்டியை நான் இரண்டு முறை வாங்கினேன். முதல் முறை தவறாக வாங்கினேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்கவே இதை எழுதுகிறேன். காரை டிரெய்லரில் ஏற்றுவது, பட்டைகளால் கட்டுவது, பின்னோக்கி ஓட்டுவது ஆகியவை இதில் இல்லை. வண்டியைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

படி 1: சுமையை எடை போடுங்கள்

எந்த வண்டி வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நண்பர் ஒருவரின் பெரிய பிக்கப்பை ஒரு நாள் கேட்டு வாங்கி, பந்தய வார இறுதிக்கு என்னென்ன கொண்டு போவீர்களோ அத்தனையையும் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் (CAT) நிறுவனத்தின் எடைமேடைக்குப் போங்கள். அங்கே மேடை தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். முன் சக்கரங்கள் ஒன்றிலும், பின் சக்கரங்கள் அடுத்ததிலும், டிரெய்லர் மூன்றாவதிலும் நிற்குமாறு நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பவர் பேசுவார். பிறகு கடைக்குள் போய்ச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு முறை எடை போட வேண்டும். முதலில் எல்லாம் கோத்த நிலையில். ஹிட்ச்சில், அதாவது வண்டியையும் டிரெய்லரையும் கோக்கும் இணைப்பில், எடை பகிரும் கம்பிகள் (டிரெய்லர் மூக்கின் அழுத்தத்தை மற்ற அச்சுகளுக்கும் பகிர்ந்து அனுப்புபவை) இருந்தால் அவற்றை அப்போது கழற்றிவிடுங்கள். அடுத்து டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும். மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை கிடைக்கும். கோத்திருந்தபோது முன், பின் சக்கரங்களில் காட்டிய எடையைக் கூட்டி, அதிலிருந்து வண்டி தனியாக நின்ற எடையைக் கழித்தால், டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியும்.

மாட்டுவண்டிக்காரர்கள் இதை முன்பாரம் என்பார்கள். பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு குனிந்து தடுமாறும். டிரெய்லரும் அப்படியேதான். டிரெய்லரின் முழு எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல் ஆடத் தொடங்கும்.

என் கணக்கு இது. கார் 2,140 பவுண்டு. 20 அடி மூடிய டிரெய்லர் வெறுமையாக 3,400. மாற்றுச் சக்கரங்கள், கருவிப் பெட்டி, ஜாக், மாற்று கியர்பாக்ஸ், பெட்ரோல் கேன்கள், கூடாரம் எல்லாம் சேர்ந்து 860. ஆக 6,400 பவுண்டு. முன்பாரம் 830. வீட்டில் மனக்கணக்காக நான் போட்டு வைத்திருந்தது 5,800. சாமான்களின் எடையை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

படி 2: கதவோரத்து ஸ்டிக்கர்

நான் சறுக்கிய இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் வாங்கியது பழைய பெரிய எஸ்.யூ.வி. ஒன்று. விளம்பரத்தில் இழுவைத்திறன் 7,700 பவுண்டு என்று போட்டிருந்தது. என் சுமை 6,400. போதுமே, 1,300 பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக வாங்கிவிட்டேன்.

இழுவைத்திறன் என்பது பின்னால் எவ்வளவு இழுக்கலாம் என்ற கணக்கு. வண்டியின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பது வேறு கணக்கு. அதற்குப் பேலோட் என்று பெயர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் டயர் காற்றழுத்த அட்டவணையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கு உரியது. அதே மாடலில் கண்ணாடிக் கூரை வைத்த வண்டிக்கு எண் குறைவாக இருக்கும்.

டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் இந்தப் பேலோடில்தான் சேரும். இதைத்தான் நான் கவனிக்கவில்லை.

என் எஸ்.யூ.வி.யின் ஸ்டிக்கரில் இருந்த எண் 1,380. முன்பாரம் 830, ஹிட்ச்சும் அதன் கம்பிகளும் 90. ஆக 920 போனது. மிச்சம் 460. நான், என் மகன், உடன் வரும் நண்பர் மூவரும் சேர்ந்து 515 பவுண்டு. நாங்கள் ஏறி உட்கார்ந்ததுமே வரம்பு தாண்டிவிட்டது. ஐஸ் பெட்டியும் பைகளும் 120. மொத்தம் 1,555, அதாவது 175 பவுண்டு அதிகம். இழுவைத்திறனோ இன்னும் 1,300 பவுண்டு மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது!

எடை பகிரும் கம்பிகள் முன்பாரத்தில் ஒரு பகுதியை டிரெய்லரின் அச்சுக்கே திருப்பி அனுப்பும் என்பது உண்மை. அதை நம்பி வண்டி வாங்காதீர்கள். கம்பி இல்லாமலே கணக்கு நேராக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை, சாலையில் கண்டுபிடித்தேன். பட்டன்வில்லோவுக்குப் போகும் வழியில், 152ஆம் எண் சாலையில் பசேகோ கணவாயைக் கடந்து சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தின் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தோம். அங்கே பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். ஒரு லாரி எங்களை முந்திச் சென்றதும் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. பின் சக்கரங்கள் அமுங்கி முன் சக்கரங்கள் இலேசாகியிருந்ததால் ஸ்டியரிங்குக்குப் பிடிமானம் இல்லை. டிரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க உதவும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் கை நெம்புகோலை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கவே நேராயிற்று. மகன் பின்னிருக்கையில் இருந்தான். பந்தயத்தில்கூட எனக்கு அப்படிக் கை நடுங்கியதில்லை. திரும்பி வந்ததும் எடைமேடைக்குப் போனேன். பின் அச்சின் வரம்பும் தாண்டியிருந்தது தெரிந்தது. அடுத்த மாதமே அந்த வண்டியை விற்றேன்.

இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி: பேலோடில் 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பந்தயக்காரனின் சாமான் ஆண்டுக்கு ஆண்டு கூடுமே தவிரக் குறையாது.

படி 3: இழுவைத்திறன் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பேலோட் ஒத்துவந்த பிறகே இதைப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஆனால் பின் அச்சின் கியர் விகிதம் 3.42 என்றால் ஓர் எண், 4.10 என்றால் வேறு எண். வித்தியாசம் ஆயிரம் பவுண்டுக்கு மேல்கூடப் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த பழைய வண்டிகளில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் குறியீடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.டி.4 என்றால் 3.73, ஜி.டி.5 என்றால் 4.10. விற்பவருக்கு இது தெரியாமலிருக்கலாம். நீங்களே திறந்து பாருங்கள்.

அதோடு, முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில்தான் எண்ணைப் போட்டது. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் ஒப்பிட வழி பிறந்தது. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில், கடும் வெயிலில், ஏ.சி. ஓட, முழுச் சுமையோடு குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. 2011 டண்ட்ரா பிக்கப்பிலேயே டொயோட்டா இதை ஏற்றது. மற்ற பெரிய நிறுவனங்களின் அரை டன் பிக்கப்கள் (இது வழக்கமான அளவு பிக்கப் வகையின் பெயர், உண்மையான எடை அல்ல) 2015 மாடல் காலத்தில்தான் வந்து சேர்ந்தன. அதற்கு முந்தைய வண்டியின் விளம்பர எண்ணில் கொஞ்சம் கழித்தே கணக்கிடுங்கள்.

படி 4: ஹிட்ச், பிரேக்

வண்டியின் அடியில் ஹிட்ச் பொருத்தும் சதுரக் குழாயில் தனி ஸ்டிக்கர் இருக்கும். எடை பகிரும் கம்பி இல்லாமல் 5,000 பவுண்டு, முன்பாரம் 500 என்று பல அரை டன் வண்டிகளில் போட்டிருப்பார்கள். கம்பியோடு இதைவிட மிக அதிகம். வண்டி, குழாய், ஹிட்ச், டிரெய்லரின் மூக்கு உட்காரும் இரும்புப் பந்து நான்கிலும் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியில் என் விருப்பம் தெளிவானது. வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கை அழுத்தும் வகையையே வாங்குங்கள். நேரத்தை மட்டும் எண்ணி அழுத்தும் மலிவு வகை வேண்டாம். வண்டியில் ஏழு முனை மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு முனை இணைப்பு விளக்குகளுக்கு மட்டுமே.

எந்த வண்டி?

நான் கடைசியில் வாங்கியது பழைய ஷெவர்லே எக்ஸ்பிரஸ் 2500 சரக்கு வேன், 6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கதவோரத்து எண் 3,050. கருவிகளில் 400 பவுண்டை டிரெய்லரிலிருந்து வேனுக்கு மாற்றிய பிறகும் 1,100 மிச்சம் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையே 135 அங்குலம் என்பதால் டிரெய்லர் அதை எளிதில் ஆட்டுவதில்லை. கருவிகளைப் பூட்டி வைக்கலாம், மழையில் நனையாது, பந்தயத் திடலிலேயே இரவு படுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அழகில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

திறந்த டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். என் காரையே திறந்த டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 4,700 பவுண்டுக்குள் முடிந்துவிடும். நல்ல அரை டன் பிக்கப் போதும்.

அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டீசல் பிக்கப் மீது பலருக்கு ஆசை. மலையேற்றத்தில் அதன் பலம் அருமை. ஆனால் டீசல் எஞ்சினே மிகுந்த எடை கொண்டது. அந்த எடை பேலோடிலிருந்துதான் கழியும். என் போன்ற சுமைக்குப் பெட்ரோல் போதும், பழுது பார்க்கும் செலவும் குறைவு. மின்சார பிக்கப்பின் இழுவிசை வியக்க வைக்கிறது. ஆனால் மூடிய டிரெய்லரைக் கோத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தண்டர்ஹில் போய்வர எனக்கு அது ஒத்துவராது.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பு மணிக்கு 55 மைல். 75 மைலில் இழுக்கும் வலிமைக்குக் காசு கொடுக்காதீர்கள். நிற்கும் வலிமைக்குக் கொடுங்கள்.

சேர்க்கை 1: போர்ஷே 911 வைத்திருக்கும் வாசகர் ஒருவர், எடையெல்லாம் சரியாக இருந்தும் டிரெய்லர் ஆடுகிறது என்று எழுதியிருந்தார். 911இன் எஞ்சின் பின்னால் இருக்கிறது. காரை நேராக ஏற்றினால் பின்பாரமாகிவிடும். பின்னோக்கி ஏற்றச் சொன்னேன், ஆட்டம் நின்றது. எஞ்சின் பின்னால் இருக்கும் ஃபார்முலா வீ என்ற சிறிய பந்தயக் கார்களுக்கும் இதே கதை. எடைமேடையில் சீட்டு வாங்கும்போது கார் எந்தத் திசையில் நின்றது என்பதையும் சீட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை 2: மூடிய டிரெய்லருக்கு எஸ்.யூ.வி. வாங்க நினைப்பவர்கள் உரிமையாளர் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்பு (காற்றை எதிர்கொள்ளும் முன்பக்கத்தின் பரப்பு) வரம்பைப் பாருங்கள். எடை வரம்புக்குள் இருந்தும், எட்டரை அடி அகல டிரெய்லரின் முகப்பு அந்த வரம்பைத் தாண்டக்கூடும். இரண்டு வாசகர்கள் வாங்கிய பிறகே இதைக் கவனித்தார்கள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தவறு.

சேர்க்கை 3: தொலைவிலிருக்கும் வண்டியை நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். மூன்று படங்கள் கேளுங்கள்: கதவோரத்து ஸ்டிக்கர், ஹிட்ச் குழாயின் ஸ்டிக்கர், கியர் விகிதம் தெரியும் ஸ்டிக்கர். என் வேனை விற்றவர் பத்து நிமிடத்தில் மூன்றையும் அனுப்பினார். அவற்றைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் நான் சாக்ரமென்டோவுக்குக் கிளம்பினேன்.